இயற்கையறிஞர் ஜி. எம். ஹென்றியின் குடும்பப் பின்னணியும் இளமைக்காலமும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

முன்னுரை

கண்டியிலிருந்து வடக்கே செல்லும் பெருந்தெரு மாத்தளையைக் கடந்து, நாலந்தா, நாவுல, தம்புள்ளை ஆகிய ஊர்களினூடாக வடபுலத்தை நோக்கிச் செல்கின்றது. இவற்றுள் நாவுல மாத்தளை மாவட்டத்தின் நடுப்பகுதியில், மலைநாடு சரிந்து உலர்வலயச் சமவெளியோடு கலக்கும் இடத்தில் அமைந்தது. தெற்கே தேயிலையும் வாசனைப் பயிர்களும் செழிக்கும் மலைச்சாரல்கள். வடக்கே குளங்களும் சேனைகளும் வறள்காடுகளும். மாத்தளை மலைகளின் நீரைத் திரட்டிக்கொண்டு வரும் அம்பன் கங்கை இப்பிரதேசத்தின் வழியாகவே கிழக்கு நோக்கிப் பாய்கின்றது.

தமிழ் மக்களின் வரலாற்றில் இத்தெருவுக்குத் தனியானதோர் இடம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியக் கரையிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர் வறள்காடுகளினூடே கால்நடையாக வந்து, தம்புள்ளை, நாவுல, நாலந்தா வழியாக மாத்தளையை அடைந்தே தத்தம் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் இவ்வழியில் மடிந்தோர் மிகப் பலர். அந்நூற்றாண்டின் இறுதியில் தூத்துக்குடி–கொழும்பு வழி முதன்மை பெறும்வரை, மலையகத் தமிழ்ச் சமூகத்தின் நுழைவாயிலாக இத்தெருவே விளங்கியது எனலாம். அதன் ஒரு முனையில் மாத்தளைத் தோட்டங்கள் இருந்தன. மறுமுனையில் இருந்தவை மன்னார்க் கடலின் முத்துப்பார்கள்.

இவ்விரு முனைகளோடும் தொடர்புற்ற இளமையினைக் கொண்டிருந்த ஒருவர் பிற்காலத்தில் இலங்கையின் தலைசிறந்த இயற்கையறிஞருள் ஒருவராக மலர்ந்தார். அவர் ஜோர்ஜ் மொறிசன் றீட் ஹென்றி (1891–1983) ஆவார். ஜி. எம். ஹென்றி என்னும் பெயராலேயே அவர் பரவலாக அறியப்படுகின்றார். 1955ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது இலங்கைப் பறவைகள் பற்றிய வழிகாட்டி நூல் பல தலைமுறையினருக்குப் பறவையுலகின் வாயிலைத் திறந்துவிட்டது. பறவை நூலாசிரியர், ஓவியர், பூச்சியியலாளர் என அவரைப் பலர் போற்றியுள்ளனர். ஆயின் அவரை உருவாக்கிய சமூகச் சூழல் தமிழில் உரியவாறு ஆராயப்படவேண்டிய ஒன்றாகும். அவருடைய குடும்பப் பின்னணியையும் இளமைக்காலத்தையும் எடுத்துக்கூறி, அவற்றிலே தமிழுழைப்பும் தமிழ்ச்சொல்லும் எவ்வாறு பின்புலமாக அமைந்தன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மாத்தளைப் பெருந்தோட்டமும் ஹென்றி குடும்பமும்

ஹென்றி 1891ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் திகதி மாத்தளை மலைப்பகுதியைச் சேர்ந்த கந்தேநுவரத் தோட்டத்திலே பிறந்தார். அவருடைய தந்தையார் அத்தோட்டத்தை நிருவகித்த துரையாவார். பதினொரு பிள்ளைகள் கொண்ட பெருங்குடும்பத்தில் ஹென்றி எட்டாமவர்.

அவர் பிறந்த காலம் பெருந்தோட்டப் பொருளாதாரம் உருமாறிக்கொண்டிருந்த காலம் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1830களிலும் 1840களிலும் மத்திய மலைநாட்டில் விரைந்து பரவிய கோப்பிச் செய்கைக்கு மாத்தளை முக்கிய நிலைக்களனாக விளங்கியது. 1869ஆம் ஆண்டிலே கோப்பி இலைகளில் துருநோய் தோன்றிற்று. அந்நோயை விளைத்த பூஞ்சணத்தின் மாதிரிகள் பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவெயிற்ஸ் மூலம் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, அங்கு புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 1880 முதல் 1882 வரை மார்ஷல் வோட் என்னும் இளம் தாவரவியலாளர் இலங்கையில் தங்கி அதன் வாழ்க்கை வட்டத்தை ஆராய்ந்தார். எனினும் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கோப்பித் தோட்டங்கள் வீழ்ந்துபட, சிங்கோனாவும் பின்னர் தேயிலையும் அந்நிலங்களைக் கைப்பற்றின. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலைச் செய்கை, ஹென்றி பிறந்தபோது மலைநாட்டின் முதற்பயிராகிவிட்டது. 1880இலே மாத்தளைவரை புகையிரதப் பாதை நீட்டப்பட்டமையும் இம்மாற்றத்துக்கு உறுதுணையாயிற்று.

கோப்பியின் வீழ்ச்சி தோட்டத்துரைமாரின் சமூக நிலையிலும் மாற்றத்தை விளைத்தது. கோப்பிக் காலத்தில் தாமே நிலத்தை வாங்கித் தாமே பயிரிட்ட தனியாள் முதலாளிகள் பலர் இருந்தனர். தேயிலைக்கு ஆலையும் இயந்திரமும் பெருமூலதனமும் வேண்டியிருந்தமையால், காலப்போக்கில் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்கு மாறின. துரைமாருட் பலர் சம்பளம் பெறும் நிருவாகிகள் ஆயினர். தோட்டத்திலே அவர்கள் செலுத்திய அதிகாரம் பெரிது. ஆனால் அவ்வதிகாரத்துக்கு ஏற்ற சொத்து எல்லோரிடத்தும் இருந்ததில்லை. செல்வமுள்ள துரைமார் தம் மைந்தரைச் சிறுவயதிலேயே கப்பலேற்றி இங்கிலாந்துப் பாடசாலைகளுக்கு அனுப்புவது அன்றைய வழக்கமாக இருந்தது.

ஹென்றிக்கு அவ்வாய்ப்புக் கிடைக்கவில்லை. அவர் வீட்டிலேயே மூத்த சகோதரியரின் துணையோடு கல்வி கற்றார். பதினாறு வயதில் உழைக்கவும் புறப்பட்டார். பதினொரு பிள்ளைகளைக் கொண்ட குடும்பம், வீட்டுக் கல்வி, இளவயதில் தொழில் ஆகிய மூன்றையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது, ஹென்றி குடும்பம் துரைமார் வர்க்கத்தின் மேற்படியைச் சேர்ந்ததன்று எனக் கருத இடமுண்டு. ஆட்சியாளரின் இனத்தைச் சேர்ந்திருந்தும் அவ்வினத்தின் கல்வி நிறுவனங்களுக்கு வெளியே வளர்ந்தவர் அவர். பல்கலைக்கழகப் பட்டமோ பாடசாலைச் சான்றிதழோ அவருடைய விஞ்ஞான வாழ்வுக்கு அடித்தளமாகவில்லை.

2. தோட்டச் சூழலும் இயற்கை ஆய்வும்

பெருந்தோட்டமும் இயற்கையாய்வும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றினும், இலங்கையில் இரண்டும் நெருங்கிய உறவு பூண்டிருந்தன. காட்டை அழித்தே தோட்டம் எழுந்தது. அங்ஙனம் அழித்தவர்களுள்ளேயே சிலர் எஞ்சிய காட்டின் உயிரினங்களைத் தேடித் தொகுத்தனர். துருநோய் தந்த பாடத்தின் பின்னர், பூஞ்சணத்தையும் பூச்சியையும் அறியாமல் பயிரைக் காக்க முடியாது என்பது துரைமாருக்குத் தெளிவாயிற்று.

இலங்கையிற் பிறந்து தோட்டத்துரையாக வாழ்ந்த எட்வேட் ஏர்னஸ்ட் கிறீன் (1861–1949) தேயிலையைத் தாக்கும் செதிற்பூச்சிகளை ஆராயத் தொடங்கி, ஈற்றில் அரசாங்கப் பூச்சியியலாளராக உயர்ந்தார். இலங்கையின் செதிற்பூச்சிகள் பற்றி 1896 முதல் 1922 வரை பல பகுதிகளாக அவர் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்றாகும். 1911இல் தோட்டத்தொழிலுக்காக இங்கு வந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ், 1935இல் இலங்கை முலையூட்டிகள் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். ஆகவே தோட்டத்திலிருந்து நூதனசாலைக்குச் செல்லும் பாதை ஹென்றிக்கு முன்பே ஓரளவு வெட்டப்பட்டிருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கிறீனும் பிலிப்சும் வருவாயுள்ள துரைமாராக இருந்துகொண்டு ஓய்வு நேரத்தில் ஆய்வு செய்யத் தொடங்கியவர்கள். ஹென்றியோ இயற்கையாய்வையே தம் சீவனோபாயமாகக் கொள்ள நேர்ந்தவர்.

மாத்தளை மலைகளின் இயற்கைச் செழுமையும் ஈண்டுக் கருதற்பாலது. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் குளிர்ந்த காடுகள். மேற்கிலும் வடக்கிலும் படிப்படியாகத் தாழ்ந்து செல்லும் பள்ளத்தாக்குகள். ஒருநாள் நடையில் மலைக்காட்டுப் பறவைகளையும் உலர்வலயப் பறவைகளையும் காணக்கூடிய மாவட்டம் இது. ஹென்றி பிற்காலத்தில் எழுதிய நூலிலே ஒவ்வொரு பறவையும் தாழ்நில உலர்வலயத்ததா, ஈரவலயத்ததா, மலைநாட்டதா என்பதை இடையறாது வற்புறுத்துவதைக் காணலாம். வலயங்கள் ஒன்றையொன்று தொடும் மாவட்டத்திற் பிறந்தவருக்கு இந்நோக்கு இயல்பாக அமைந்தது எனல் பொருந்தும்.

அத்தோட்டத்தின் மனிதச் சூழலையும் மறத்தலாகாது. 1891ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி தோட்டங்களில் வாழ்ந்தோர் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவராவர். அவருட் பெரும்பாலோர் தமிழர். துரையின் பங்களாவுக்கு அப்பால் லயங்கள், கங்காணியின் வீடு, மாரியம்மன் கோயில், பிரட்டுக்களம் என விரியும் உலகு தமிழுலகாகவே இருந்தது. தொழிலாளரோடு தமிழிலே பேசவேண்டிய தேவை துரைமாருக்கு இருந்தமையால், அவர்களுக்கெனத் தமிழ் கற்பிக்கும் சிறு கைந்நூல்கள் அக்காலத்தில் அச்சிடப்பட்டன. இத்தகைய தோட்டமொன்றிற் பிறந்து வளரும் குழந்தையின் செவியில் ஆங்கிலத்தோடு தமிழும் விழுந்துகொண்டேயிருக்கும்.

3. முத்துப்பார்களும் முதற்றொழிலும்

1907ஆம் ஆண்டு ஹென்றி இலங்கை முத்துக்குளிப்போர் கம்பனியின் ஆய்வுகூடத்திலே பணியில் அமர்ந்தார். இதுவே அவருடைய விஞ்ஞான வாழ்வின் தொடக்கமாகும். அக்கம்பனியின் வரலாற்றைச் சிறிது விரித்துரைப்பது இங்கு அவசியமாகின்றது.

மன்னார்க் குடாக்கடலின் முத்து பண்டுதொட்டே புகழ்பெற்றது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் முத்துச் சலாபத்தைத் தம் வருவாய்க்கு உரியதாக்கிக் கொண்டனர். ஆனால் சலாபம் ஆண்டுதோறும் தவறாது கிடைப்பதன்று. சில காலங்களில் சிப்பிகள் பெருகும். சில காலங்களில் பார்கள் வெறுமையாகிவிடும். ஹென்றி பிறந்த 1891இலே ஒரு சலாபம் நடந்தது. அதன் பின்னர் 1903 வரை சலாபமே இல்லாது போயிற்று. இவ்வறட்சியின் காரணத்தை ஆராய்வதற்காகவே 1902இல் லிவர்ப்பூல் பேராசிரியர் டபிள்யூ. ஏ. ஹேர்ட்மன் அழைக்கப்பட்டார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹோர்னல் இங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். ஹேர்ட்மனின் அறிக்கை 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்தது.

இதற்கிடையே பார்கள் மீண்டும் செழித்தன. 1905ஆம் ஆண்டுச் சலாபத்தில் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசாங்கத்துக்குக் கிடைத்த வருவாய் 25 லட்சம் ரூபாவாகும். இப்பெருவருவாய் கண்ட இலண்டன் முதலாளிகள் கம்பனியொன்றை அமைத்து, 1906இலே ஆண்டுக்கு 310,000 ரூபா வாடகையில் இருபது ஆண்டுகளுக்கு முத்துப்பார்களைக் குத்தகைக்கு எடுத்தனர். விஞ்ஞான முறையில் சிப்பிகளை வளர்த்தும் இடம்பெயர்த்தும் சலாபத்தை நிலையான தொழிலாக்கலாம் என்பது அவர்களின் நம்பிக்கை. அதற்காகவே கம்பனி விஞ்ஞானிகளை வேலைக்கு அமர்த்திற்று. ஹோர்னலும், தோமஸ் சவுத்வெல்லும் கம்பனியின் சேவையில் இருந்தனர். சிப்பியினுள் முத்து விளைவதற்கு ஒட்டுண்ணிப் புழுவின் முட்டைப்புழுவே காரணம் என்னும் கொள்கை அக்காலத்தில் வலுப்பெற்றிருந்தது. சவுத்வெல் அப்புழுக்களையும் அவை குடிகொள்ளும் மீன்களையும் ஆராய்ந்தார்.

இக்கொள்கையின் வேர் இலங்கையிலேயே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. மாத்தறையிற் பிறந்த எட்வேட் பிரெடெரிக் கெலாட் (1819–1860) என்னும் மருத்துவர், முத்துச்சிப்பிக்கும் ஒட்டுண்ணிப் புழுவுக்கும் இடையிலான தொடர்பை 1850களின் இறுதியிலேயே சுட்டிக்காட்டியிருந்தார். 1852இலே இலங்கை விலங்கினங்கள் பற்றிய முன்னோடி நூலை வெளியிட்டவரும் அவரே. இலங்கையின் விலங்கியல் வரலாறும் முத்தின் வரலாறும் இவ்வாறு பின்னிப்பிணைந்திருந்தன.

முத்துத்தொழிலின் மொழி தமிழாகும். கடலடிப் பாறைத்தளங்களுக்குத் தமிழ்க் குளியாளரும் சம்மாட்டிமாரும் இட்ட ‘பார்’ என்னும் சொல்லையே விஞ்ஞானிகளும் ஏற்றுக்கொண்டனர். பெரியபார், செவல்பார், மோதரகம்பார், முத்துவராத்துப்பார் என்பன ஹேர்ட்மன் அறிக்கையிலும் வரைபடங்களிலும் அப்படியே இடம்பெறுகின்றன. சுறாமீனின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிகளும் ஆங்கில அறிக்கைகளில் அப்பெயராலேயே குறிக்கப்பட்டனர். மன்னார், கீழக்கரை, தூத்துக்குடி முதலிய இடங்களிலிருந்து வந்த தமிழரும் முஸ்லிம்களும், அரபுக் குளியாளரும் மரிச்சுக்கட்டிக் கரையிலே கூடினர். காலிற் கல்லைக் கட்டி, மூச்சடக்கிப் பல பாக ஆழம் இறங்கிச் சிப்பி திரட்டினர். எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவர்களின் கூலி. ஒவ்வொரு பாரும் எவ்வளவு ஆழத்தில் உள்ளது, எங்கே மணல், எங்கே பாறை, எக்காலத்தில் நீர் தெளியும் என்பனவெல்லாம் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்த அறிவாகும். விஞ்ஞான அளவை இவ்வறிவின்மேல் எழுந்தது.

இத்தகைய துறையொன்றின் ஆய்வுகூடத்திலே பதினாறு வயது ஹென்றி தொழில் பயின்றார். கடலுயிர்களை அளத்தல், எண்ணுதல், இனம்பிரித்தல், உள்ளதை உள்ளவாறே வரைதல் என்பன ஆய்வுகூட வாழ்வின் அன்றாடக் கருமங்கள். பாடசாலை காணாத இளைஞனுக்கு அதுவே பாடசாலையாயிற்று. அவருடைய கைத்திறன் வெளிப்பட்டதும் இக்காலத்திலேயே எனலாம். அவர் மறைந்த பின்னர் 2000ஆம் ஆண்டில் அச்சேறிய அவரது வாழ்க்கை நினைவுகள் முத்திலிருந்து ஓவியத்துக்கு என்னும் பொருள்படும் தலைப்பினைத் தாங்கி வந்தமை இதனை உறுதிப்படுத்தும்.

கம்பனியின் கனவு நீடிக்கவில்லை. 1907ஆம் ஆண்டுச் சலாபத்தின் பின்னர் பார்கள் வெறுமையாயின. அதன் பின்பு 1925 வரை சலாபம் நடைபெறவில்லை. இருபது ஆண்டுக் குத்தகை பெற்ற கம்பனி சில ஆண்டுகளுக்குள்ளேயே வீழ்ந்தது. கோப்பியின் வீழ்ச்சியை அடுத்துப் பிறந்த ஹென்றி, முத்தின் வீழ்ச்சியை அருகிருந்தே கண்டார். இயற்கையை வருவாயாக மட்டும் எண்ணிய இரு பெருமுயற்சிகளின் தோல்வி அவருடைய இளமையின் இருபுறமும் நின்றது.

4. 1907: ஓர் ஆண்டு, இரு வழிகள்

ஹென்றி ஆய்வுகூடத்தில் நுழைந்த அதே 1907ஆம் ஆண்டிலேயே, தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளைப் பற்றிய சட்டமொன்று இலங்கையில் நிறைவேறிற்று. அவ்வாண்டின் 8ஆம் இலக்கக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச்சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்குவதைத் தோட்ட அதிகாரியின் கடமையாக்கியது. நடைமுறையில் அக்கல்வி மிகக் குறைவாகவே இருந்தது. பத்து வயதோடு படிப்பு முடிந்தது. பல பிள்ளைகள் அதற்கு முன்னரே கொழுந்துக் கூடையையோ முள்ளுக்கரண்டியையோ ஏந்தினர்.

இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்து நோக்குதல் வேண்டும். மாத்தளைத் தோட்டமொன்றின் பங்களாவிற் பிறந்த சிறுவனும், லயத்திற் பிறந்த சிறுவனும் முறையான உயர்கல்வி பெறாதவர்களே. இருவரும் அதே காட்டின் ஓரத்தில், அதே பறவைகளின் ஒலியைக் கேட்டே வளர்ந்திருப்பர். ஆனால் ஒருவனுக்குக் கல்வியின்மை தடையாகவில்லை. ஆய்வுகூடத்தின் கதவு திறந்தது. மற்றவனுக்குத் தோட்டத்தின் எல்லையே உலகின் எல்லையாயிற்று. தொழிலாளியின் கடனைக் குறித்த துண்டு முறை 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடன் தீராத தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குச் செல்வதும் எளிதாக இருந்ததில்லை.

இதனால் ஹென்றியின் தகுதி குறைவுபடாது. அவருடைய கண்ணும் கையும் உழைப்பும் அவருக்கே உரியவை. எனினும் மேதைமையைத் தனிமனித ஆற்றலாக மட்டும் காண்போர், அவ்வாற்றல் வெளிப்படுவதற்கு வேண்டிய வாயில் யாருக்குத் திறக்கின்றது என்னும் வினாவைக் கேளாது விடுகின்றனர். வரலாற்று மாணவர் அவ்வினாவைக் கேட்டேயாதல் வேண்டும்.

தமிழருள் ஒருவரின் பெயர் இலங்கைப் பறவையியலில் நிலைத்த வரலாற்றை இவ்விடத்திலே நினைவுகூர்வது பொருத்தமாகும். எட்கார் லெயாட் என்னும் அரசாங்க சேவையாளர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் யாழ்ப்பாணப் பகுதியில் பணியாற்றியவர். அவருக்கு முத்து என்னும் பணியாளர் ஒருவர் இருந்தார். லெயாட் சேர்த்த சிறந்த பறவை மாதிரிகள் பல முத்துவின் பொறுமையாலும் முயற்சியாலும் கிடைத்தவை. பருத்தித்துறையிற் கிடைத்த ஈப்பிடிப்பான் இனமொன்றை 1854இல் விவரித்தபோது, லெயாட் தம் நன்றிக்கு அறிகுறியாக அதற்கு ‘முத்துயி’ என்று பெயர் சூட்டினார். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இலங்கைக்கு வந்து செல்லும் கபிலநிற மார்புடைய அச்சிறுபறவை இன்றும் உலகெங்கும் அவ்விஞ்ஞானப் பெயராலேயே வழங்குகின்றது. காட்டிலே வழிகாட்டியவர், மாதிரி பிடித்தவர், கூடு கண்டு சொன்னவர் எனப் பெயரின்றிப் போன தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் பலருக்கு ஒரு முத்துவின் பெயரே சான்றாக எஞ்சியுள்ளது.

5. நூதனசாலையும் முதிர்ச்சியும்

1910ஆம் ஆண்டு ஹென்றி கொழும்பு நூதனசாலையில் வரைஞராகச் சேர்ந்தார். தேசாதிபதி வில்லியம் கிறகரியின் முயற்சியால் 1877இல் திறக்கப்பட்ட அந்நூதனசாலை, ஆதர் வில்லியின் காலத்தில் ஆய்வு நிறுவனமாக வளர்ந்திருந்தது. 1903இலே அவர் தொடங்கிய ‘ஸ்பொலியா செய்லானிக்கா’ என்னும் ஆய்விதழ் அதன் குரலாக விளங்கியது. 1910இல் பணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஜோசப் பியர்சனும் கடலுயிரியலாளராதலின், முத்து ஆய்வுகூடத்தில் பயின்ற இளைஞருக்கு நூதனசாலை அந்நியமான இடமாக இருந்திராது.

மூன்றாண்டுகளுக்குள், 1913இலே, ஹென்றி பூச்சிகளைப் பாகுபடுத்தும் பிரிவின் உதவியாளராக உயர்வு பெற்றார். 1946இல் ஓய்வு பெறும்வரை அப்பதவியிலேயே நிலைத்தார். வெட்டுக்கிளி, சிள்வண்டு முதலியவற்றை உள்ளடக்கிய பூச்சிவரிசையே அவருடைய சிறப்புத்துறை. அதில் புதிய இனங்களையும் விவரித்தார். உலகம் அவரைப் பறவைகளால் அறிந்தபோதும், முப்பத்துமூன்று ஆண்டுகள் அவர் உண்ட சோறு பூச்சியியலின் சோறாகும்.

சிவில் சேவையைச் சேர்ந்த டபிள்யூ. ஈ. வெயிட் 1925இலே இலங்கைப் பறவைகள் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். அதன் தொடர்ச்சியாக, ஹென்றியின் வண்ண ஓவியங்களோடு 1927 முதல் 1935 வரை நான்கு பகுதிகள் வெளிவந்தன. ஓய்வின் பின்னர் இங்கிலாந்து சென்ற ஹென்றி, தம் வாழ்நாள் அவதானங்களைத் திரட்டி 1955இல் வழிகாட்டி நூலை வெளியிட்டார். எழுத்தும் ஓவியமும் ஒருவரே ஆதலின், அந்நூலிலே பறவையின் தோற்றமும் நடத்தையும் ஒன்றிணைந்து உயிர்பெறுகின்றன. 1998இல் அது திருத்திய பதிப்பாக மீண்டும் வெளிவந்தது. அவருடைய மைந்தர் டேவிட் மொறிசன் றீட் ஹென்றியும் (1919–1977) புகழ்பெற்ற பறவை ஓவியராக விளங்கினார்.

தமிழாய்வாளர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று இந்நூலில் உண்டு. 1880இல் இலங்கைப் பறவைகளின் வரலாற்றை எழுதிய படைத்துறையாளர் வின்சென்ற் லெக், சிங்களப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களையும் பதிவு செய்தார். ஹென்றியும் அம்மரபைப் பேணி, பறவைகளுக்குரிய சிங்கள, தமிழ்ப் பெயர்களைத் தம் நூலிலே தந்துள்ளார். பெயர் என்பது வெறும் அடையாளமன்று. மக்களின் அவதானம் அதனுட் செறிந்துள்ளது. கரிக்குருவி, இரட்டைவாற்குருவி என்னும் பெயர்கள் நிறத்தையும் வாலமைப்பையும் நோக்கி எழுந்தவை. தவிட்டுக்குருவி என்பது தவிட்டு நிறத்தைச் சுட்டும். வைகறையிலும் அந்தியிலும் ஒலியெழுப்பும் பறவையை ஆறுமணிக்குருவி என்று வழங்கியவர்கள் அதன் பழக்கத்தை நாள்தோறும் கவனித்தவர்களாதல் வேண்டும். ஏட்டறிவு பெறாத மக்கள் நிகழ்த்திய ஆய்வின் பேறுகளாகவே இப்பெயர்களைக் கொள்ளுதல் தகும்.

முடிவுரை

ஹென்றியின் இளமை வரலாற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, அவர் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் உருமாற்றக் காலத்திலே, செல்வம் மிகாத துரைமார் குடும்பமொன்றில் தோன்றியவர். அக்குடும்பநிலையே அவரைப் பாடசாலைக்கு வெளியே வளர்த்து, இளமையிலேயே தொழிலுக்கு அனுப்பியது. இரண்டாவது, அவரை உருவாக்கிய தோட்டமும் முத்துப்பாரும் தமிழ் மக்களின் உழைப்பால் இயங்கியவை. மூன்றாவது, அவ்வுழைப்பாளரின் அறிவு விஞ்ஞானத்தினுள் சில சொற்களாகவும் பெயர்களாகவும் மட்டுமே இடம்பெற்றது. அவர்களின் பிள்ளைகள் அவ்விஞ்ஞானத்தினுள் நுழைய வழியிருக்கவில்லை.

1946இல் ஹென்றி ஓய்வு பெற்றார். ஈராண்டுகளின் பின் நிறைவேறிய 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம், அவர் பிறந்த மண்ணைப் போன்ற தோட்டங்களில் அவரைப் போலவே பிறந்த பல லட்சம் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின்னர் அவருட் பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். எஞ்சியோரின் நிலை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே சீர்பெற்றது. சென்றவர்களோடு மலைநாட்டுப் பறவை, மரம், மூலிகை பற்றிய தமிழ்ச் சொற்கள் எத்தனையோ இடம்பெயர்ந்து மறைந்திருக்கும்.

இன்று நாவுலவை அண்டிய பிரதேசத்தில் போவதென்ன, மொறகஹகந்த நீர்த்தேக்கங்கள் அமைந்துள்ளன. இந்நீர்த்திட்டங்களால் ஆற்றோரக் காடுகளும் வயல்களும் மாறியுள்ளன. பழைய நடைபாதையின் தடயங்களும் மங்கிவிட்டன. இந்நிலையில் மாத்தளைத் தோட்டங்களிலும் மன்னார்க் கரையிலும் வாழும் முதியோரிடமிருந்து உயிரினங்களின் தமிழ்ப் பெயர்களையும் அவை பற்றிய வழக்காறுகளையும் திரட்டுதல் நம் பல்கலைக்கழக மாணவர் உடனடியாக மேற்கொள்ளவேண்டிய பணியாகும். ஹென்றி தம் நூலிலே பேணிய பெயர்களை அம்முயற்சிக்குத் தொடக்கப் பட்டியலாகக் கொள்ளலாம். அப்பட்டியலை விரிவாக்கும்போது, சொன்னவரின் பெயரையும் ஊரையும் மறவாது அருகே குறித்து வைப்போமாக. லெயாட் ஒரு முத்துவுக்குச் செய்த கடமையை நாம் பலருக்குச் செய்யவேண்டியுள்ளது.